1935 இராமநாதபுரம் கடற்கரை: தொடர் நாயகி எதிர்த்து நிற்க எது வேண்டும்?

திரைக்கதை மேசை:
1935-ல் நடக்கும் காதல் தொடருக்கு முதல் பத்து எபிசோடு தயாராகிறது. நாயகிக்கு 18 வயது, மண்டபம் பக்கம் பனைத்தொழில் குடும்பம். நாயகன் தனுஷ்கோடி ஸ்டேஷனில் குமாஸ்தா. ஆறாவது எபிசோடில் முறைப்பையனை வேண்டாம் என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டு பஸ் ஏறி ராமேஸ்வரம் போகிறாள், கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறாள். திரைக்கதையைப் படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும், "துணிச்சல் தெரியல, வாய்த்துடுக்குதான் தெரியுது" என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

பாம்பன் வாடை:
முதலில் அந்த பஸ்ஸை எடுத்துவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். 1935-ல் தீவுக்குப் போக 1914-ல் திறந்த ரயில் பாலம், இல்லையென்றால் தோணி. இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுபோன போட் மெயில் ரயில் பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்குப் போய்விடும். ராமேஸ்வரம் தனிக் கிளைப் பாதை, பாம்பனில் இறங்கி வண்டி மாற வேண்டும். இது உங்களுக்குச் சாதகம். வீட்டை விட்டு வந்தவள் பிளாட்பாரத்தில் நிற்கிறாள், ஒரு வண்டி கோயிலுக்கு, இன்னொன்று கப்பலுக்கு. வசனமே வேண்டாம்.

பாசியும் சரிவராது. இங்கே பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுத்து விற்பது தொழிலானது 1960-களில். நைலான் வலை, ஃபைபர் படகு எதுவும் ஃபிரேமில் வரக்கூடாது. அன்றைக்குப் பருத்தி நூல் வலை. உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சை மரத்துக் காயின் சாறு ஏற்றிக் காயவைப்பார்கள், வலை பழுப்பாகத் தெரியும். தனுஷ்கோடிக் காட்சிக்கு இப்போதுள்ள இடிபாடுகளைக் காட்டிவிடாதீர்கள். அவை 1964 டிசம்பர் புயல் விட்டுப்போனவை. 1935-ல் அது ரயிலும் கப்பலுமாக இரைந்த ஊர்.

கருப்பட்டி வட்டு:
பனைத்தொழில் வீட்டுப் பெண் என்று எழுதிவிட்டு அவளை ஏன் கடலுக்கு அனுப்புகிறீர்கள்? அவள் பலமே அடுப்படியில்தான் இருக்கிறது. ஆண் மரம் ஏறுவான், சரக்கு உருவாவது காய்ச்சுகிறவள் கையில். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் வெயில் ஏறும் முன்பே புளித்துக் கள்ளாகத் திரும்பும், எவ்வளவு எரித்தாலும் பாகு இறுகாது, வட்டு பிசுபிசுக்கும். கூடினால் நாக்கில் உறைக்கும். இறக்கிய அன்றே காய்ச்சியாக வேண்டும். பத்து லிட்டருக்குக் கருப்பட்டி ஒரு கிலோவோ சற்றுக் கூடவோதான் வரும். பொங்கி வழியாமலிருக்க இடித்த ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை. பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலில் உருட்டுவார்கள். உருண்டையாகத் திரண்டால் இறக்கித் துடுப்பால் கிண்டி சிரட்டையில் ஊற்றுவது. ஒரு நிமிடம் பிந்தினால் கருகல் வாசம்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். மரம் ஏறுகிறவனே அந்த முறைப்பையன் என்று வையுங்கள். வேண்டாம் என்ற மறுநாள் அவன் சுண்ணாம்பு தடவாமல் கலயம் கட்டுகிறான். காலையில் அவள் கலயத்தை முகத்தருகே தூக்குகிறாள், முகர்கிறாள், ஒன்றும் பேசாமல் மணலில் கவிழ்க்கிறாள். அடுத்த கலயம், அதற்கடுத்தது. நுரை மணலில் இறங்குகிறது. ஊர் முன்னால் பேசும் பக்கம் பக்கமான வசனத்தை விட இது வலுவானது, ஏனென்றால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்கக் காசில்லை.

இன்னொன்று, வியாபாரியின் முன்பணம். பருவம் தொடங்கும் முன் கையில் வாங்கினால், அவர் சொன்ன விலைக்கே சரக்குப் போட வேண்டும். அவள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவளாக இருக்கட்டும். "இந்த வருசம் முன்பணம் வேணாங்கய்யா, சரக்க எடை போட்டுட்டுக் காசு குடுங்க" என்று மரியாதையாகவே சொல்லட்டும். அரிசிப் பானைக்குள் அவள் சேர்த்த சிறுவாட்டுக் காசை அதற்கு முந்தைய எபிசோடிலேயே காட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று பார்ப்பவர் கேட்பார்.

சீர்வரிசை:
முறைப்பையன் தாய்மாமன் மகனா? அப்படியானால் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு விலை கொடுப்பது அவள் மட்டுமல்ல. தங்கைக்குக் காது குத்து என்றால் மாமன் மடி வேண்டும், சடங்குக்கு மாமன் சீர் வேண்டும். மாமன் வராத பந்தலைக் காட்டுங்கள். அம்மாவுக்கு அவர் கூடப் பிறந்தவர். "எங்கண்ணன் வாசப்படி மிதிக்கலையே, ஒன்னால" என்று அம்மா கேட்கும்போது நாயகியிடம் பதில் இருக்கக்கூடாது. இப்போது அவள் பிடிவாதத்துக்கு எடை வரும்.

சட்டத்திலும் கவனம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1930 ஏப்ரல் முதல் அமலில் இருந்தது, பெண்ணுக்கு 14 வயதுதான் வரம்பு. 18 வயதுக்காரியை ஊர் ஏற்கெனவே "முத்திப்போச்சு" என்றிருக்கும். கோர்ட்டில் விவாகரத்துக் காட்சி வைக்காதீர்கள், இந்து திருமணச் சட்டம் 1955-ல்தான் வந்தது. ஆனால் பல சமூகங்களில் ஊர் கூடித் தீர்த்துவிடும் வழக்கம், அதாவது பழைய தாலியை அறுத்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொள்ளும் அறுத்துக்கட்டுவது, முன்பே உண்டு. ஆகவே எல்லா வீட்டிலும் தாலி ஆயுளுக்குமான பூட்டு என்று எழுதினால் தவறு. சுயமரியாதைத் திருமணம் செய்யலாம், ஆனால் அதற்குச் சட்ட அங்கீகாரம் 1967-ல் வந்த திருத்தத்தால்தான். 1935-ல் அது சட்டப்படி செல்லாது என்பதை நாயகன் வீட்டார் சண்டையில் பயன்படுத்திக்கொள்வார்கள்.

திரைக்கதை மேசை:
எல்லோருக்கும் நன்றி, சுண்ணாம்புக் காட்சி ஆறாவது எபிசோடுக்குப் போகிறது. ஜூனில் படப்பிடிப்பு. கடற்கரை வசனங்களை எங்கே எடுப்பது?

பாம்பன் வாடை:
ஜூன் என்றால் கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து அடிப்பது. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போனால் அலையும் மணலும் அடிக்கும், முந்தானை நிற்காது, மைக்கில் காற்று மட்டும்தான் கேட்கும். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் எடுங்கள், அந்த மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ், டிசம்பருக்கு மீதி வைத்தால் தென்கடலுக்கு மாறுங்கள். பின்னணியில் சீமைக் கருவேலம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே அது காடாய்ப் பரவியது பின்னாளில். குடை மாதிரி விரிந்த உடைமரமும் பனையும் இருக்கும் திட்டாகத் தேடுங்கள். பதநீர் ஜூலையோடு ஓய்ந்துவிடும், காய்ச்சும் காட்சியை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.