ஃபட்டீக்குக்கு ‘அயர்ச்சி’யா ‘நைவு’வா

அண்ணே வணக்கம், எல்லாருக்கும் வணக்கம்.

தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கி காங்கிரீட் உள்ளுக்குள்ள சேதமாகி ஒரு நாள் உடையுறதை இங்கிலீஷ்ல ஃபட்டீக்குன்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ல ‘அயர்ச்சி’ன்னு போடலாம்னு எழுதியிருந்தீங்க, ரெண்டு நாளா யோசிச்சுப் பார்த்தேன், எனக்கு மனசு ஒப்பலண்ணே.

நான் இருக்கிறது மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், சுத்தி செம்பனைத் தோட்டம். இங்க ஒரு ஆலையில குலை லோரியை நிறுக்கிற மேடைக்கு ஏறுற இடத்துல நாங்க போட்ட சிமிந்தித் தரை ஒண்ணு இருக்கு, எந்த லோரியும் அது தாங்காத எடையோட வரல, ஆனா நாளு பூரா ஏறிட்டே இருக்கு. மூணாவது வருஷம் மூலையில முடி மாதிரி ஒரு கோடு. வெயில்ல பார்த்தா தெரியாது, மழை விட்டு தரை காயுறப்ப மட்டும் அந்தக் கோட்டுல ஈரம் நிக்கும், அப்ப தெரியும்.

இதை அயர்ச்சின்னா, அயர்ந்த ஆளு படுத்து எந்திரிச்சா தெளிஞ்சுடுவான்ல? நடுநடுவே சுமை இல்லாம விட்டா காங்கிரீட் கொஞ்சம் கூடுதலா தாங்குதுன்னு சோதனையில இருக்கு, அது உண்மைதான், ஆனா விழுந்த விரிசல் பழையபடி ஆகாது. களைப்பு, சோர்வு எல்லாத்துக்கும் இதே குறைதான். குறள்ல ‘அச்சிறும்’னு வருதே, அதை வச்சு ‘இறல்’னு சொல்லலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அழகான சொல்லு, ஆனா அங்க மயிலிறகை அளவுக்கு மீறி ஏத்துனதால அச்சு முறியுது. நம்ம கதையில அளவு மீறவே இல்ல, அதுதான் விஷயமே.

அதனால நான் சொல்றது ‘நைவு’. எங்கம்மா கித்தா மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போறப்ப தலையில கட்டுன துணி, யாரும் இழுத்துக் கிழிக்கல, துவைச்சு துவைச்சு ஒரு நாள் வெளிச்சத்துல பிடிச்சா இழை இழையா தெரியும், அப்புறம் சும்மா பிழியறப்பவே விட்டுடும். அதைத்தான நைஞ்சு போச்சுங்கிறோம். காங்கிரீட்லயும் அப்படியேதான், முதல்ல கொஞ்சம் வேகமா சேதம் சேரும், அப்புறம் ரொம்ப காலம் மெதுவா போகும், கடைசியில திடீர்னு போயிடும்.

இழை போட்ட காங்கிரீட்டுக்கு இந்தச் சொல்லு இன்னும் பொருத்தம். ரெண்டு முனையும் கொக்கி மாதிரி வளைஞ்ச எஃகு இழை விரிசலோட ரெண்டு கரையையும் தைச்ச மாதிரி பிடிச்சுக்கும், வாயைத் திறக்க விடாது. சுமை ஏறி இறங்க ஏறி இறங்க அந்தப் பிடி தளரும், பெரும்பாலும் இழை அறுந்து போறதில்ல, கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டு வரும். வளையுற தரை, பாதை இதுக்கெல்லாம் இழை நல்லா கைகொடுக்கும், வெறுமனே அமுங்குற இடத்துல அவ்வளவு பலன் இல்ல. கலக்குறவன் அவசரப்பட்டு இழையை மொத்தமா கொட்டுனா உண்டை கட்டிக்கும், அந்த இடமே பலவீனமாயிடும், அதை நானே கண்ணால பார்த்திருக்கேன், அன்னைக்கு வந்த கோபம் இன்னும் ஆறல.

நைவுன்னா மனசு நையறது தானேன்னு கேப்பீங்க, இருக்கட்டும், துணி நையறதும் தமிழ்தான். தேய்மானத்தோட குழம்புமான்னா, அது மேலால போறது, இது உள்ளுக்குள்ள நடக்கிறது. சேர்த்து எழுதவும் வளைஞ்சு குடுக்குது: நைவு ஆயுள், நைவு வலிமை. 1860கள்ல ஜெர்மனியில வோலர்ங்கிற பொறியாளர் ரயில் அச்சுகளை வச்சு செஞ்ச சோதனையில இருந்து வந்த, எவ்வளவு சுமைன்னா எத்தனை தடவை தாங்கும்னு காட்டுற எஸ்-என் வரைபடத்தை ‘நைவுக்கோடு’ன்னுடலாம். ‘நைவெல்லை’யை, அதாவது எத்தனை தடவை ஏத்துனாலும் உடையாத சுமை அளவை, மட்டும் பார்த்து எழுதணும், எஃகுக்கு அப்படி ஒரு எல்லை உண்டு, காங்கிரீட்டுக்கு தெளிவா கிடையாது, அதனாலதான் 1 கோடி தடவைக்கு, ஒரே தடவையில உடைக்கிற சுமையில சுமார் 55 சதவீதம்னு தடவையோட சேர்த்தே சொல்றாங்க.

சுமை ஒரு தடவை ஏறி இறங்குறதைச் சொல்ற ‘சைக்கிள்’ங்கிற சொல்லு இன்னும் பாக்கி இருக்கு. சுழற்சின்னு எழுதறாங்க, ஆனா இங்க எதுவும் சுத்தல, சுமை ஏறுது இறங்குது, அவ்வளவுதான். ‘ஏற்றிறக்கம்’னு வச்சா ஒரு லோரி அச்சு கடந்தா ஒரு ஏற்றிறக்கம்னு எண்ணலாம். இதுல உங்களுக்கு என்ன தோணுதுண்ணே?