கோடை இடிமேகம்: திசைமாற்றும் முடிவை எந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டும்?

வலவன் (தம்பா, ஃபுளோரிடா)

வணக்கம். தனியார் விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 140 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறப்பதற்கான தகுதியை இன்னும் பெறவில்லை. கடந்த சனிக்கிழமை செஸ்னா 172 விமானத்தில் மனைவியையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள தம்பாவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் அகஸ்டினுக்குக் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். நேர்கோட்டில் ஏறத்தாழ 135 கடல்மைல். பதினொன்றரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் அங்குள்ள கோட்டையைப் பார்த்து, சாப்பிட்டு, மீண்டும் இயந்திரத்தை இயக்கும்போது மணி ஒன்று நாற்பது ஆகிவிட்டது.

அரை மணி நேரம் பறந்த பிறகு, நடுவழி ஊரான லீஸ்பர்க்குக்கு ஏறத்தாழ இருபது கடல்மைல் இருக்கும்போது, தெற்கே இரண்டு பெரிய மேகத்தூண்கள் எழுந்து நின்றன. டேப்லெட்டில் வந்த ரேடார் படத்தில் அவ்விரண்டுக்கும் நடுவே பதினைந்து மைல் அளவுக்கு வெறுமை தெரிந்தது. கண்ணுக்கும் அந்த இடைவெளியின் வழியே தம்பா பக்கத்து வானம் வெளிச்சமாகவே இருந்தது. பின்னிருக்கையிலிருந்து மைத்துனர், "அங்கே வெளுப்பாகத்தானே இருக்கிறது, போய்விடலாமே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் வானொலியில் சொல்லிவிட்டு லீஸ்பர்க்கில் இறங்கி, விமானத்தைக் கயிற்றால் கட்டிப்போட்டேன். இறங்கும்போது, காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை கிழக்குக் காற்றில் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்து அது ஒரே வீச்சில் திரும்பி, தெற்குக் காற்றில் விறைத்து நின்றது. ஈரமண் வாசனை முதலில் வந்தது, மழை பிறகு வந்தது. மாலை ஏழு மணிக்குத்தான் மீண்டும் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தோம்.

மன்றத்து நண்பர்கள் சிலர், அந்த இடைவெளியில் தாராளமாகப் போயிருக்கலாம் என்கிறார்கள். நான் இறங்கியதற்கு மனம் ஒப்பவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அடுத்த முறை என் மனம் ஒப்பிவிட்டால் என்ன செய்வது? நீங்கள் இந்த முடிவை எதை வைத்து எடுக்கிறீர்கள்?

ஓடுபாதை ஓரம் (பயிற்றுநர், மத்திய ஃபுளோரிடா)

நீங்கள் இறங்கியது சரி. அதற்கு மனத்தைவிட உறுதியான காரணங்கள் உள்ளன.

முதலாவது, அந்த ரேடார் படம். திரையில் "5 நிமிடம்" என்று காட்டுவது படத்தைத் தொகுத்து முடித்த நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது. மேகத்தை ரேடார் உண்மையில் பார்த்த நேரம் அதற்கும் முந்தையது. மிக மோசமான நிலையில் படம் காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாகப் பழையதாக இருக்கலாம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ஆம் ஆண்டிலேயே விமானிகளுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் விமானம் நிமிடத்துக்கு இரண்டு கடல்மைல் போகிறது; பதினைந்து நிமிடம் என்றால் முப்பது கடல்மைல். நீங்கள் பார்த்த பதினைந்து மைல் இடைவெளி, நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது இருக்கப்போகும் இடைவெளி அன்று. முழுப் பகுதியையும் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா என்று முடிவு செய்ய அந்தப் படம் உதவும். இரண்டு மேகங்களுக்கு நடுவே நூல் கோப்பதற்கு அது உதவாது என்பதை என் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, தூரம். கடுமையானது என்று அறியப்பட்ட அல்லது ரேடாரில் தீவிரமாகத் தெரிகிற இடிமேகத்திலிருந்து குறைந்தது இருபது மைல் விலகிப் பறக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை. இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட மேகங்கள் நின்றால், நாற்பது மைல் அகலம் இல்லாத வழி உங்களுக்கு வழியே அன்று.

மூன்றாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இடிமேகத்துக்குள் மாட்டிக்கொண்டவருக்கு அதே நிர்வாகம் சொல்வது, திரும்பாதே, நேராகப் போ என்பதுதான். உள்ளே திரும்பினால் இறக்கைகளின் மேல் ஏறும் சுமை கூடுகிறது, தவிரவும் நேராகப் போவதே பெரும்பாலும் விரைவில் வெளியேறும் வழி. ஆகவே திரும்புவது என்ற வாய்ப்பு மேகத்துக்கு வெளியே இருக்கும்வரைதான் உங்கள் கையில் இருக்கிறது. நான் அதைக் கடிகாரத்தோடு கட்டிவிடுகிறேன்: புறப்படும் முன்பே வழியில் ஓர் ஊரைக் குறித்துக்கொண்டு, அந்த ஊருக்கு நேராக வரும்போது முன்னே முப்பது மைல் தெளிவாகத் தெரியாவிட்டால் அங்கேயே இறங்குவது என்று தரையிலேயே முடிவு செய்துவிடுவேன். அந்த நேரத்தில் பின்னிருக்கையில் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மழைக்கணக்கு

நான் விமானி அல்லன், வானிலை படித்தவன். அந்த வெளுப்பான வானத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஃபுளோரிடாவின் கோடை இடிமழை பெரும்பாலும் கடற்காற்றால் பிறப்பது. காலையில் நிலம் சூடேறுகிறது. அட்லாண்டிக் பக்கத்திலிருந்து ஒரு கடற்காற்றும் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலிருந்து இன்னொன்றும் உள்ளே நகர்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை. சந்திக்கும் இடத்தை அன்றைய பொதுக் காற்று முடிவு செய்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் கிழக்குக் கரைக்கு அடி விழும். கிழக்குக் காற்று வீசும் நாளில் இடிமேகங்கள் உள்நாட்டில் எழுந்து மாலைக்குள் மேற்குக் கரையை நோக்கி நகரும். லீஸ்பர்க்கில் இறங்கும்போது கிழக்குக் காற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தம்பா மேல் தெரிந்த வெளிச்சம், மேகங்கள் அடுத்துப் போகவிருந்த இடம். அந்த இடைவெளியைத் தாண்டியிருந்தாலும், இறங்கவேண்டிய ஓடுபாதையை நோக்கி அதே மேகங்கள் உங்கள் பின்னாலேயே வந்திருக்கும்.

இடைவெளி ஏன் மூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதிர்ந்த இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டி நான்கு பக்கமும் பரவுகிறது. உங்கள் காற்றுப்பையைத் திருப்பியது அதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேகங்கள் நின்றால் அவற்றின் குளிர்காற்றுகள் நடுவில் மோதி, அங்கேயே புதிய மேகத்தைக் கிளப்பும். சாதாரணத் திரள்மேகம் மின்னலும் இடியுமாக வளர அரை மணி நேரமே போதும். விமானி போக நினைக்கிற அந்த நடுவெளியே, அடுத்த மேகம் பிறப்பதற்கு மிகவும் தோதான இடமாக இருக்கிறது.

செம்மண் ஓடுதளம் (ஜார்ஜியா)

இருபது மைல் கணக்கில் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. அதை ஒவ்வொரு மழைத்தூறலுக்கும் பிடித்துக்கொண்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் யாருமே பறக்க முடியாது. அடி முதல் நுனி வரை கண்ணுக்குத் தெரிகிற தனி மழையைப் பத்து மைல் தள்ளி, காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறேன். உச்சி விரிந்து கொல்லன் பட்டறை அடைகல்லைப் போல் ஆகிவிட்ட மேகத்துக்கும், மங்கலில் மறைந்து நிற்கிற மேகத்துக்கும் அந்தச் சலுகையைத் தர மாட்டேன்.

மேகத்துக்குக் கீழே நுழைந்து போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், அடிமேகம் நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் அதைச் செய்தேன். மழை இன்னும் கண்ணாடியைத் தொடவில்லை. மேகத்தின் அடியிலிருந்து சாம்பல்நிற இழைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. எறிவிசைக் கைப்பிடியை முழுதும் தள்ளி, மூக்கை உயர்த்திப் பிடித்தும், ஏற்றமானியின் முள் நிமிடத்துக்கு ஆயிரம் அடி இறக்கத்தைக் காட்டி நின்றது. ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் என் கையில் ஒன்றும் இல்லை என்பதை முழுமையாக உணர்ந்தேன். செஸ்னா 172 கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு எழுநூறு அடி சொச்சம்தான் ஏறும். மேகத்திலிருந்து குத்தாக விழும் கடுங்காற்று நிமிடத்துக்கு ஆறாயிரம் அடி வரை இறங்கக்கூடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் டெல்டா 191 என்ற பெரிய ஜெட் விமானத்தையே அப்படிப்பட்ட காற்று ஓடுபாதைக்கு முன்னால் தரையில் அறைந்தது. 137 பேர் இறந்தார்கள்.

அனுபவம் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஸ்காட் கிராஸ்ஃபீல்டை நினைவூட்டுவேன். 1953இல் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தை முதன்முதலில் எட்டிய மனிதர் அவர். 2006 ஏப்ரல் 19 அன்று அலபாமாவிலிருந்து வர்ஜீனியாவுக்குத் தம்முடைய செஸ்னா 210 விமானத்தில் போகும்போது, எங்கள் ஜார்ஜியாவின் மலைப்பகுதியில் கடும் இடிமேகத்துக்குள் சிக்கி இறந்தார். பறக்கும்போது புதிய வானிலைத் தகவலை அவர் கேட்டுப் பெறவில்லை என்பதையும், கட்டுப்பாட்டாளர் விலகிப் போக உதவவில்லை என்பதையும் விசாரணை காரணங்களாகப் பதிவு செய்தது. ஆகவே வலவன், கட்டுப்பாட்டாளர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் முன்னே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே கேளுங்கள்.

வலவன்

மூவருக்கும் நன்றி. மழைக்கணக்கு ஐயா எழுதியதைப் படித்த பிறகு அன்றைய ரேடார் பதிவுகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். நான் லீஸ்பர்க்கில் சக்கரம் பதித்த பதினெட்டாவது நிமிடத்தில் அந்த இடைவெளி முழுதும் சிவப்பாகிவிட்டது. மாலை ஐந்தரை மணிக்கு அதே மழை தம்பா விமான நிலையத்தின் மேல் நின்றது. மைத்துனருக்கும் காட்டினேன், அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தொட்டியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிபொருள் மீதி இருந்தது, ஆகவே எங்கு வேண்டுமானாலும் திரும்பியிருக்க முடியும். என் உண்மையான தவறு ஒன்று நாற்பதுக்குப் புறப்பட்டது என்பது இப்போது விளங்குகிறது. ஆகஸ்டில் இதே பயணத்தை மீண்டும் வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்குள் திரும்பும் விமானம் கிளம்பாவிட்டால் அன்றிரவு செயின்ட் அகஸ்டினிலேயே தங்குவது என்று வீட்டில் இப்போதே பேசி, விடுதியில் அறையும் பதிவு செய்துவிட்டேன். போகும் வழிக்கு ஒக்காலாவையும் வரும் வழிக்கு பலாட்காவையும் வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். ஓடுபாதை ஓரம் ஐயா, வரும் வழியில் பலாட்கா மிக முன்னதாக வந்துவிடுகிறதா, லீஸ்பர்க்கையே வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஓடுபாதை ஓரம்

இரண்டையும் வட்டமிடுங்கள். பலாட்காவில் தெற்கு வானத்தைப் பாருங்கள், கட்டுப்பாட்டாளரிடமும் கேளுங்கள். அங்கே ஐயம் எழுந்தால் அங்கேயே இறங்குங்கள். லீஸ்பர்க் வரை வந்துவிட்டால் இடிமேகங்கள் எழும் உள்நாட்டுப் பகுதியின் வாசலுக்கே வந்துவிட்டீர்கள் என்று பொருள்.