சிசேரியனுக்குப் பின் மூன்றாம் மாதம்: உடற்பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

நெல்லைமகள்:

அனைவருக்கும் வணக்கம். முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து இப்போது மூன்றாம் மாதம் நடக்கிறது. திருநெல்வேலிக்கு அருகில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தையல் நன்றாக ஆறிவிட்டது என்றும் இனி வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்றும் ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவர் சொன்னார். அந்த வழக்கமான வேலைகளில் உடற்பயிற்சியும் அடங்குமா என்று கேட்பதற்குள் அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்கள்.

கருவுறுவதற்கு முன் தினமும் காலையில் வேகமாக நடப்பேன். இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படுக்கையிலிருந்து நேராக எழ முயன்றால் தொப்புளுக்கு மேலே நடுவயிறு மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. தும்மும்போது சில சொட்டுச் சிறுநீரும் கசிகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு இந்தத் தொல்லை வராது என்றல்லவா கேள்விப்பட்டிருந்தேன்?

பாட்டி பழைய பருத்திச் சேலையை மடித்து வயிற்றை இறுகக் கட்டச் சொல்கிறார். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று அளந்துதான் தருகிறார். பெரியம்மாவோ, குனிந்து நிமிர்ந்து வீடு பெருக்கினாலே வயிறு உள்ளே போய்விடும் என்கிறார். யூடியூபில் பார்த்தால், ஒரே மாதத்தில் தொப்பை கரையும் என்று சிட்-அப்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். இன்னும் சில வாரங்களில் கணவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. எடையைக் குறைப்பது இப்போதைக்கு என் நோக்கமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்காமல் படியேற வேண்டும், முதுகுவலி குறைய வேண்டும், அவ்வளவுதான். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். பயிற்சி செய்தால் பால் குறைந்துவிடும் என்பது உண்மையா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இயன்முறை_ஈரோடு:

வணக்கம் சகோதரி. நான் இயன்முறை மருத்துவர். பிரசவித்த தாய்மார்களுக்குப் பயிற்சி அளிப்பதே என் அன்றாட வேலை. நீங்கள் எழுதியவற்றில் முதலில் கவனிக்க வேண்டியவை நடுவயிறு புடைப்பதும் சிறுநீர் கசிவதும்தான். இவ்விரண்டும் இருக்கும்வரை சிட்-அப்ஸ், பிளாங்க், மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்குவது, ஸ்கிப்பிங் ஆகிய நான்கின் பக்கமும் போக வேண்டாம்.

வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்ப காலத்தில் விலகிக் கொடுக்கின்றன. அவற்றை நடுவில் இணைக்கும் நார்த்திசு மெலிந்து அகலமாகிறது. பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு மாதங்களில் பெரும்பாலோருக்கு இது பெருமளவு தானாகவே நெருங்கிவிடும். மிச்சமிருக்கும் இடைவெளி அதன் பிறகு மெதுவாகத்தான் குறையும். உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்: முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து, விரல் நுனிகளைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வைத்துக்கொண்டு, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். இருபக்கமும் தசை விளிம்பு தட்டுப்படும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இருந்தால், ஒருமுறை நேரில் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. அகலத்தைவிட, விரலுக்கு அடியில் ஓர் இறுக்கம் தெரிகிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சிசேரியனில் பொதுவாக அந்தத் தசைகளை வெட்டுவதில்லை. பக்கவாட்டில் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் தசையின் மேலுள்ள உறுதியான உறையை வெட்டித் தைத்திருப்பார்கள். வெளித்தோல் சில வாரங்களில் ஆறிவிடும். அந்த உறை பழைய உறுதிக்கு வரப் பல மாதங்கள் ஆகும். ஆறாவது வாரத்தில் சரி என்று சொல்லப்பட்டதை இந்த வேறுபாட்டோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

சிறுநீர் கசிவுக்குக் காரணம் இடுப்புத்தளத் தசைகளின் தளர்ச்சி. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குபவை அவையே. கர்ப்பம் முழுவதும் எடையைச் சுமந்தவை என்பதால், குழந்தை எந்த வழியில் பிறந்தாலும் அவை தளர வாய்ப்புண்டு; சிசேரியன் அந்த வாய்ப்பைக் குறைக்கிறதே தவிர முற்றிலும் நீக்குவதில்லை. இதற்கான பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதி வெளியிட்டார். இன்றும் அவர் பெயரிலேயே கீகல் பயிற்சி என்கிறோம். வாயு பிரிவதையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல, ஆசனவாயிலிருந்து முன்னோக்கி உள்ளே மேலே இழுத்துப் பிடியுங்கள். சில விநாடிகள் வைத்திருந்து, இழுத்த அளவுக்கு முழுமையாகத் தளர்த்துங்கள். எட்டு முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று செய்தால் போதும். பிடிக்கும் நேரத்தைப் படிப்படியாகப் பத்து விநாடி வரை கூட்டலாம். பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவதும் மூச்சை அடக்குவதும் பலர் அறியாமல் செய்பவை. கூடவே உங்களால் பேச முடிகிறதா என்று பார்த்தால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். கசிவு குறைந்தது தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகலாம் என்பதால் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

இதோடு, படுத்தபடி மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்ளிழுப்பது, முழங்கால் மடித்த நிலையில் ஒரு குதிகாலை மட்டும் தரையோடு நீட்டி மடக்குவது, சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து நிமிர்வது ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் எதைச் செய்யும்போது நடுவயிறு கூரை முகடுபோல் எழும்புகிறதோ அதை அன்றைக்கு நிறுத்திவிட்டு, அதைவிட எளிதானதற்குப் போங்கள். நடைப்பயிற்சியை இன்றே தொடங்கலாம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் அலுப்பு இல்லையென்றால் சில நிமிடங்கள் கூட்டுங்கள். பிரசவித்த பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அது படிப்படியாக எட்ட வேண்டிய அளவு, முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டிய கணக்கல்ல.

இரட்டைவால்குருவி:

மேலே உள்ளவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் என்ற முறையில் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கைக்குழந்தைக்காரிக்கு வாய்க்காது. அதற்காகக் காத்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நான் பயிற்சியைப் பால் கொடுக்கும் நேரங்களோடு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்து பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று கீகல். ஏப்பம் விடத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடை.

பால் குறையும் என்ற அச்சம் வேண்டாம். மிதமான பயிற்சியால் பாலின் அளவோ சத்தோ குறைவதில்லை என்றுதான் என் மருத்துவரும் சொன்னார், என் அனுபவமும் அதுவே. பால் கொடுத்து முடித்த பிறகு நடக்கப் போனால் மார்பு கனமில்லாமல் இருக்கும். நன்றாகத் தாங்கும் உள்ளாடையும் தேவை.

முதுகுவலிக்கு, குனிந்து பால் கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மடியில் இரண்டு தலையணைகளை அடுக்கிக் குழந்தையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே எனக்கு வலி விட்டது. கட்டைவிரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கினால் மணிக்கட்டில் வலி பிடித்துக்கொள்ளும். ஒரு கையை முதுகுக்கு அடியிலும் இன்னொன்றைப் பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். பெரியம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: வீடு பெருக்கினால் வீடு சுத்தமாகும், வயிற்றுக்கு அது கணக்கில்லை!

ஓய்வுபெற்ற_செவிலி:

மகளே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் பணிசெய்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் பயிற்சி இல்லாத குறை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்; எனக்கு முதலில் இரத்தசோகைதான் நினைவுக்கு வருகிறது. 2019–21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை உண்டு. அறுவை சிகிச்சையில் இழந்த இரத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நடையைக் கூட்டுவதற்கு முன் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடு. பிரசவத்துக்குப் பின் 180 நாட்கள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை வீடு திரும்பியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதை டீ, காபி, பால் ஆகியவற்றோடு சாப்பிடாதே. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்.

தண்ணீரை அளந்து தருவதை உன் பாட்டியிடம் பக்குவமாகப் பேசி நிறுத்து. தண்ணீர் குடித்து வயிறு போடாது. பால் கொடுக்கும் உடம்புக்குத் தாகம் அதிகம். குடிக்காவிட்டால் மலம் இறுகும், முக்கி முக்கிப் போனால் இடுப்புத்தளம் மேலும் தளரும், காலையில் செய்த பயிற்சி வீணாகிவிடும். சேலை கட்டுவதில் எனக்குப் பகை இல்லை. எழுந்து நடக்கும்போது தையலுக்குத் தாங்கலாக, உள்ளே ஒரு கை நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டினால் இதமாக இருக்கும். இறுகக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போகும். கட்டினால் வயிறு வற்றும் என்பது மட்டும் நடக்காது.

நின்ற உதிரப்போக்கு மறுபடி சிவப்பாக வந்தாலோ, தையலில் வலி, சிவப்பு, நீர் கண்டாலோ, கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தாலும் அன்றைக்கே, தாமதிக்காமல், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெல்லைமகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படுத்துப் பார்த்தேன், தொப்புளுக்கு மேலே இரண்டரை விரல் அளவு இறங்குகிறது, அடியில் ஓரளவு இறுக்கம் தெரிகிறது. இரத்தப் பரிசோதனைக்கு நாளை போகிறேன், பாட்டியும் உடன் வருகிறார். தண்ணீர் விஷயத்தை அங்கேயே செவிலியர் வாயால் சொல்ல வைக்கலாம் என்றிருக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி: கணவர் வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது பெரும்பாலும் என் வேலையாகவே இருந்தது. அதை எப்போது செய்யலாம்? பழையபடி வேகநடையும் மெல்லோட்டமும் எப்போது?

இயன்முறை_ஈரோடு:

தண்ணீர் கேன் இருபது கிலோ எடை; அதை இப்போதைக்கு வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். இதைக் கணவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், அங்கே போன பிறகு சங்கடப்பட வேண்டாம். குழந்தையின் எடையைத் தாண்டிய எதையும் நேரில் பரிசோதித்து, வயிறு புடைக்காமல் தூக்க முடிகிறது என்று உறுதியான பிறகு படிப்படியாகக் கூட்டலாம். குழந்தையையே தூக்கும்போதும், தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால் இடுப்புத்தளத்தை இழுத்துப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். தும்மல் வரும்போதும் அதே இழுப்பு உதவும். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

படியேறுவதை இப்போதே பழகலாம்: முதலில் குழந்தை இல்லாமல் ஒரு மாடி, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு; அது எளிதான பிறகு குழந்தையோடு. வேகநடையை ஹீமோகுளோபின் அளவு தெரிந்த பிறகு பார்ப்போம். ஓட்டத்தைப் பொறுத்தவரை, கசிவும் கனமும் இல்லாதவர்களுக்கே குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் பரிந்துரைக்கிறோம். உங்களுக்குக் கசிவு நிற்கட்டும். இரண்டரை விரல் என்பது பயப்பட வேண்டிய அளவல்ல, ஆனால் ஊருக்குத் திரும்புமுன் திருநெல்வேலியிலேயே ஓர் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கீகல் பயிற்சியில் சரியான தசைதான் இயங்குகிறதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.