ஆண் வேலை, பெண் வேலை: வகுப்பில் காட்ட நம்ம மலையிலிருந்தே உதாரணம் வேண்டும்

கோத்தகிரி டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பீரியட் கிடைத்திருக்கிறது. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று வேலையைப் பிரித்தது சமூகம்தான் என்றால், "உடம்புவாகே அப்படித்தான் டீச்சர்" என்று பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் தேயிலை வேலை. எங்கே ஆரம்பிக்கலாம்?

குன்னூர் தேயிலை:
கொழுந்திலேயே ஆரம்பிங்க டீச்சர். "பெண்களுக்கு விரல் மென்மை, அதான் பறிக்கிறாங்க" என்பார்கள். கொழுந்து வெட்டும் கத்தரி வந்த பிறகு மென்மைக்கு என்ன வேலை? அப்போதும் பறித்தது பெண்கள்தான். மோட்டார் மெஷின் வந்ததும் அது பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போனது. செடியை வெட்டிவிடும் கவாத்து ஆண் வேலை, அதற்கு பலம் வேண்டும் என்பவர்களிடம், 20 கிலோவுக்கு மேல் இலை மூட்டையைச் சரிவில் சுமந்து எடை போடும் இடத்துக்கு வருவது யார் என்று கேளுங்கள்.

பேக்டரி ஏன் ஆண்கள் இடமானது என்பதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. பறித்த இலை 12 முதல் 18 மணி நேரம் வாட வேண்டும். அதனால் அரைப்பு ராத்திரியிலோ விடியும் முன்போ நடக்கும். பேக்டரிகளுக்கான 1948 தொழிற்சாலைகள் சட்டமோ, பொதுவாக மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காகப் போட்ட விதி, மெஷின் வேலை பழகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976இல் சட்டம் வந்தும், வேலையே வேறு வேறாகப் பிரிந்து கிடந்தால் அது எதை ஒப்பிடும்?

ஊட்டி வாசகி:
ஒரே வேலை இடத்துக்கு இடம் கை மாறுவதைக் காட்டுங்க. சமவெளியில் தயிர் கடைவது பெண் வேலை. நம்ம மலைப் பழங்குடியான தோடர் மரபில் எருமை கறப்பதும் கடைவதும் ஆண்கள். கோயிலாக மதிக்கும் பால்மனைக்குள் பெண்கள் போகக் கூடாது. அவர்கள் போர்வையான பூத்துக்குளியில் சிவப்பு, கருப்பு நூலால் இழை எண்ணிப் பூவேலை செய்வது பெண்கள், போர்த்துவது இருவரும். சமவெளியில் குயவர் சக்கரம் ஆண் கையில். இங்கே இன்னொரு பழங்குடியான கோத்தர்களிடம் பானை வனைவது பெண்கள். உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

ஆனால் தோடர்களிடம் சமத்துவம் இருக்கிறது என்று சொல்லிவிடாதீங்க, அங்கேயும் தடை இருக்கிறது. வகுப்பில் தோடர், கோத்தர் பிள்ளை இருந்தால் எழுப்பி நிற்க வைத்து விளக்கச் சொல்லவே கூடாது.

பயிற்சியாளர், கூடலூர்:
முதல் பீரியடில் ஆளுக்கொரு தாள். வீட்டில் காலை 5 முதல் இரவு 10 வரை யார் என்ன செய்கிறார்கள் என்று மணிவாரியாக எழுதட்டும். பெயர் போட வேண்டாம். போட்டால் அப்பா குடிப்பது வரை வெளியே வந்து, பிள்ளை கூசிப்போகும். "அம்மா சும்மா இருப்பாங்க" என்று சில தாளில் வரும். திருத்தாதீங்க, தண்ணீர், விறகு, தம்பியைக் குளிப்பாட்டுவது யார் என்று மட்டும் கேட்டு, அவர்களையே நிரப்ப விடுங்க. அடுத்த பீரியடில் ஒவ்வொரு வேலைக்கும் "மாற்றிச் செய்தால் யார் தடுப்பாங்க?" என்ற ஒரே கேள்வி. பாட்டி, ஊர், மேஸ்திரி, சட்டம் என்று பதில் வரும். உடம்பு தடுக்கும் என்பது பிரசவம், பாலூட்டுதலோடு நின்றுவிடும்.

திருநங்கைகள் பற்றிக் கேள்வி வரும், கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீங்க. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சொல்லுங்க. சிரிப்பு எழுந்தால் அங்கேயே நிறுத்தி, வகுப்பில் யாரையாவது திருநங்கை என்று கேலியாகக் கூப்பிடுகிறார்களா என்று தனியாக விசாரிங்க.