வலைப்பூ பாதியில் நிற்கிறது, யாருக்காக எழுதுவது?

ஈசூன்வாசி:
கூகுளின் வலைப்பூ சேவையான பிளாகரில் என் 14 பதிவுகள் இருக்கின்றன. கோப்பிக்கடை, வார இறுதி நடை, படித்த புத்தகம் என எல்லாம் கலந்து கிடக்கிறது. இரண்டு மாதமாகத் தொடவில்லை. பார்வை எண்ணிக்கை ஒற்றை இலக்கம். தொடர்ந்து எழுதுகிறவர்கள் வழி சொல்லுங்கள். பழையதை அழித்துவிடலாமா?

தேக்கா கிழக்கு:
அழிக்காதீர்கள் தம்பி. அந்த எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். தானியங்கி நிரல்களின் வருகை அதில் சேர்ந்துவிடும். அமைப்பை மாற்றாவிட்டால் உங்கள் சொந்த வருகையும் சேரும்.

பொருளைச் சுருக்குங்கள். 'சிங்கப்பூர் வாழ்க்கை' என்று வைத்தால் எதை எழுதுவதென்றே தெரியாமல் கை ஓய்ந்துவிடும். 'நம் பேட்டைகளின் பழைய பெயர்கள்' என்று வைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்துக்கு ஒரு காலத்தில் தமிழர் பேச்சில் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர்; கம்பம் என்றால் கிராமம். அதே பக்கத்துத் தேக்கா என்பது ஹொக்கியென் என்னும் சீனக் கிளைமொழிச் சொல், மூங்கில் அடி என்று பொருள். ஒரு பெயருக்கு 300 சொல் போதும். சரக்குக்கு தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறது. 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அங்கே நாள்வாரியாகப் புரட்டலாம். விளம்பரப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடைப்பெயரும் தெருப்பெயரும் அங்கேதான் கொட்டிக் கிடக்கும்.

பொங்கோல் வாசகி:
பொருள் கிடைத்தாலும் நாள்தோறும் எழுதப் போனால் மறுபடி நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். எம்ஆர்டி ரயிலில் போகும்போது கைபேசியில் குறிப்பு மட்டும், சனிக்கிழமை காலை 40 நிமிடம் உட்கார்ந்து கோர்வையாக்குங்கள். மூன்று பதிவுகள் கையிருப்பில் சேரும்வரை எதையும் வெளியிட வேண்டாம். வேலை நெருக்கும் வாரத்தில் அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும்.

கிளமெண்டி:
ஒன்று விட்டுப்போயிற்று. பிளாகர் அமைப்புகள் வழியாக எழுத்துக்கும் பின்னூட்டத்துக்கும் காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள். படங்களைத் தனியாகச் சேமியுங்கள்.

யாருக்காக என்று கேட்டீர்கள். தேசிய நூலகம் 2019 முதல் '.எஸ்ஜி' என்று முடியும் இணையத்தளங்களை அனுமதி கேட்காமலே ஆவணப்படுத்தி வருகிறது. பிளாகர் தரும் பிளாக்ஸ்பாட் முகவரி அதில் தானாக வராது. ஆனால் சிங்கப்பூரைப் பற்றிய தளமென்றால் நூலகத்தின் இணைய ஆவணக் காப்பகத்துக்கு நீங்களே பரிந்துரைக்கலாம். பெயர்களைப் பற்றிப் பத்துப் பதிவு சேர்ந்ததும் பரிந்துரையுங்கள். அதற்கு முன் அந்த 14 பதிவுகளுக்கும் வகைச்சொல் போட்டுப் பிரித்துவிடுங்கள், கோப்பிக்கடைப் பதிவிலேயே இரண்டு மூன்று பெயர்கள் ஒளிந்திருக்கலாம்.