புதுப்பிப்பு: சிபி350 மதுரையில் புக் செய்தாச்சு

ஹோண்டா சிபி350 பைக் வாங்கப் போய், எங்கள் ஊர் ஷோரூமில் "இங்கே வராது சார்" என்று சொன்னதாகப் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. தப்பு என்னுடையதுதான். ஷைன், ஆக்டிவா விற்கும் கடையில் இந்த வண்டி கிடையாது. ஹோண்டாவின் பெரிய பைக்குகளை விற்கும் தனி ஷோரூமான பிக்விங்குக்குத்தான் போகவேண்டும்.

மதுரையில் கேட்டேன். நான் நினைத்த நிறம் இல்லை, புக் செய்தால் காத்திருக்கணும். கையிருப்பில் ஒன்று நின்றது, ஆனால் போன வருடத் தயாரிப்பு. விற்பனையாளர் தம்பியே அதைச் சொல்லிவிட்டார். தள்ளுபடி ஆசை காட்டியது, ஆனாலும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு மாதமும் வருடமும் ஏறிவிடும், நாளைக்கு விற்கும்போது அடிவாங்கும். வேண்டாம் என்றேன்.

வரி குறைவு என்று பாண்டிச்சேரியில் எடுக்கச் சொன்ன அண்ணன்மாருக்கு: வண்டியை இங்கேதான் ஓட்டப்போகிறேன். 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றவேண்டும், சாலை வரியும் கட்டவேண்டும். அப்புறம் என்ன மிச்சம்?

விலையில் ஒரு நிம்மதி. 350 சிசியைத் தாண்டாத 348 சிசி என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம். 450 சிசி பார்த்துக்கொண்டிருந்த நண்பனுக்கு 40 சதவீதம். பாவம், இன்னும் என்னோடு பேசவில்லை.

புக் செய்தாச்சு. வண்டி வந்ததும் படம் போடுகிறேன்.