தாராவியில் கரண்ட் பில் பாக்கி: மராத்தியில் மனு எழுதத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். எங்கள் சந்தில் இட்லி சுட்டு விற்கும் அக்காவுக்குத் திடீரென்று பெருந்தொகைக்கு மின்கட்டண பில் வந்திருக்கிறது. ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, மாவு அரைக்கும் கிரைண்டர், அவ்வளவுதான். பழைய பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். மீட்டர் ரீடிங் பல மாதங்கள் ஒரே எண்ணில் நின்று, கடைசி மாதத்தில் ஒரேயடியாக எகிறியிருக்கிறது. பதறிப்போய் வட்டிக்கு வாங்கக் கிளம்பியவரைத் தடுத்து வைத்திருக்கிறோம். கந்துவட்டி இந்தப் பாக்கியைவிடக் கொடியது.

மின்சாரச் சட்டம் 2003, 56-ஆவது பிரிவின்படி 15 நாள் எழுத்துமூல நோட்டீஸ் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தொகையில் தகராறு இருந்தால், கேட்கும் தொகை அல்லது முந்தைய 6 மாதச் சராசரிப்படி மாதாமாதம் கணக்கிட்ட கட்டணம், இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டலாம். அப்படிக் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

மீட்டரைச் சோதிக்கவும் மீதியைத் தவணையில் கட்டவும் மனு கொடுக்க வேண்டும். மராத்தியில் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா? மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள். பண உதவி செய்ய நினைப்பவர்கள் அக்காவுடன் கவுன்டருக்கே வந்து கட்டி, ரசீதை அவர் கையில் கொடுத்தால் நல்லது. நோட்டீஸ் கெடு நெருங்குகிறது, இன்றே பதில் எழுதுங்கள்.